வீட்டுக்குப் போய்ச் சொல்லுவது

யூன் 9, திங்கள்

பாரிஸிலிருந்து ஊருக்கு வந்து ஒரு வாரம். வெயில் இன்னும் பழகவில்லை. என் கலியாணத்துக்கு எந்தெந்த வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று அம்மா காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"முதல் ஜெயசுதன் வீட்டை போவம்" என்றேன். பாரிஸில் அவனோடு ஏழு வருடம் ஒரே அறை, ஒரே சட்டிச் சோறு. இந்த முறை விமானத்திலும் பக்கத்து இருக்கை.

"ஆர், வயலுக்கு அங்காலை இருக்கிற சின்னாச்சியின்ரை பெடியனோ?"

"ஓம்."

"அவைக்குக் கலியாணக் காட் மட்டும் குடுத்துவிடு. வீட்டை போய்ச் சொல்லுற வழக்கமில்லை."

சாதி என்ற சொல்லை அம்மா வாயால் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

யூன் 10

அப்பாவிடம் கேட்டேன். "கொம்மாவைக் கேள்" என்றுவிட்டுப் பேப்பரை விரித்தார்.

யூன் 12

தனியே போனேன். ஜெயசுதன் சாவகச்சேரிச் சந்தைக்குப் போயிருந்தான். அவனுடைய அம்மா முற்றத்தில் கதிரை போட்டு, கடைக்கு ஓடிப்போய்ச் சோடாப் போத்தல் ஒன்று வாங்கிவந்து, மூடியைக்கூடத் திறக்காமல் நீட்டினார். எங்கள் பக்கத்து ஆட்கள் அந்த வீட்டுப் பாத்திரத்தில் வாய் வைக்க மாட்டார்கள். அதற்காகத்தான் போத்தல்.

"எனக்குத் தேத்தண்ணி தாங்கோ அம்மா."

"ஐயோ தம்பி, வீட்டிலை அறிஞ்சால் உங்களைப் பேசுவினம்."

தேநீர் வந்தது, குடித்தேன். ஆனால் கப் உதட்டுக்கு வருமுன் கை ஒரு கணம் நின்றது. ஏன் நின்றது? ஜெயசுதன் கடித்து வைத்த பாண் துண்டைத் தின்றவன் நான். அங்கே என் மனம் விரிந்தது என்று நினைத்திருந்தேனே — இல்லை, அங்கே வேறு சட்டி இல்லாததால்தான் ஒன்றாகத் தின்றேனா?

யூன் 13

நல்லூருக்கு, கீர்த்திகாவுக்குப் போன் எடுத்தேன். கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் இதைக்கூடச் சொல்லாவிட்டால் எப்படி? கை நின்றதையும் சொன்னேன். "பிறகு குடிச்சனீங்கள்தானே" என்றாள். பாராட்டா, கேள்வியா? தெரியவில்லை.

யூன் 15

ஜெயசுதன் வந்தான். படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

"அம்மாவும் அப்பாவும் வரமாட்டினம் மச்சான். உன்ரை தாய் தேப்பன் வந்து சொல்லேல்லை. அவை இல்லாமல் நானும் வரமாட்டன்."

பாரிஸில் சடங்கு, சம்பிரதாயம் எல்லாவற்றையும் நக்கலடித்தவன்! "நீயுமோ உதெல்லாம் பாக்கிறாய்?" என்றேன்.

"அங்கை ஒருத்தரும் ஒருத்தற்றை வீட்டையும் போய்ச் சொல்லுறேல்லை. இஞ்சை எல்லா வீட்டையும் சொல்லுவினம், எங்கடை வீட்டை விட்டிட்டு."

மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை என்பதுகூட அவன் போன பிறகுதான் உறைத்தது.

யூன் 16

கத்திப்போட்டன். "நீங்கள் போய்ச் சொல்லாட்டி நான் மணவறையிலை இருக்கமாட்டன்!" ஏன் அப்படிக் கத்தினேன்? அவனுக்காகவா, நின்றுபோன என் கைக்காகவா?

அம்மா அழவில்லை. "கொரோனா வந்து கிடந்தநேரம் உனக்குக் கஞ்சி வச்சுத் தந்த பெடியன், உவன்தானோ?" என்றார்.

"ஓம்."

எழும்பி அடுப்படிக்குள் போய்விட்டார்.

யூன் 18

போனோம். வெற்றிலைத் தட்டத்தோடு அப்பா, அம்மா, நான், மூவரும் ஓட்டோவில். அம்மா அந்த வீட்டுக் கதிரையின் நுனியில் இருந்தார். தேநீரை முழுதாகக் குடித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகினார். வெள்ளிக்கிழமையும் இல்லை, செத்த வீடும் இல்லை.

இப்ப நான் சந்தோசப்படுறதோ, கோவப்படுறதோ? ஒண்டும் விளங்கேல்லை.

யூன் 27, வெள்ளி

கலியாணம் முடிந்தது. தலையில் தொட்டு அறுகரிசி போட்டு வாழ்த்தச் சோடி சோடியாக வந்தார்கள். ஜெயசுதனின் பெற்றோர் மண்டபத்தின் கடைசி வரிசையை விட்டு அசையவில்லை. அம்மா மேடையிலிருந்து இறங்கி அவர்களிடம் போனார். என்ன சொன்னாரோ, இருவரும் எழும்பி அவர் பின்னால் வந்தார்கள். பெரிய மாமா கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே போனார்.

ஜெயசுதனின் அம்மா கையில் அறுகரிசியோடு என் முன்னால் தயங்கி நின்றார். தலையில் தொடலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. நான் குனிந்தேன். அம்மா அவருடைய முழங்கையைப் பிடித்து என் தலைக்குக் கொண்டுவந்தார்.

வீட்டுக்கு வந்து அம்மா முழுகவில்லை. களைப்பாகவும் இருக்கலாம்.