ரோக்கோவின் மகன் தொனாத்தோ

செப்டம்பர் 15, ஞாயிறு

மதியம் அசுந்தா வீட்டில். மூன்று வருஷமாக எல்லா ஞாயிறும் அங்கேதான். ஆரம்பத்தில் ஒரு தடவை மரியாதைக்கு ஒரு தட்டு இனிப்பு வாங்கிப் போனேன். வாசலிலேயே மறித்துவிட்டாள். "இனிப்போட வர்றது விருந்தாளி. சொந்தக்காரி வெறுங்கையோட வரணும். இதுகூடத் தெரியாதா?" அன்றிலிருந்து வெறுங்கைதான்.

சொந்தம் எப்படி என்றால், என் கொள்ளுத்தாத்தா தொனாத்தோ பிரினாத்தோ பத்தொன்பது வயதில் இந்த இத்தாலிய ஊர் மொந்தேஃபோஸ்காவிலிருந்து அர்ஜென்டினாவுக்குக் கப்பல் ஏறினவர். அவர் ஊரைத் தேடித்தான் நான் அங்கிருந்து இங்கே வந்து குடியேறினேன். தலைப்பிள்ளைக்கு ரோக்கோ என்று பெயர் வைத்தார். மூத்த மகனுக்குத் தாத்தா பெயர் என்பது இங்கே எந்த வீட்டிலும் மாறாது. ஆகவே தொனாத்தோவின் அப்பா ஒரு ரோக்கோ. அந்தக் காலத்தில் ஊரில் பிள்ளை பெறும் வயதில் இருந்த ஒரே ரோக்கோ, அசுந்தாவின் கொள்ளுத்தாத்தா, கோவேறு கழுதை ஓட்டிய ரோக்கோ லபேத்ரா. குடும்பப் பெயரைத் துறைமுகத்தில் எவனோ மாற்றி எழுதியிருப்பான் என்று அசுந்தா தீர்ப்பே சொல்லிவிட்டாள். பாக்கி இருப்பது தொனாத்தோவின் பிறப்புப் பதிவு ஒன்றுதான்.

"அந்தக் காகிதம் வர்றதுக்குள்ள நமக்குக் கல்லறை வந்துரும்" என்றான் அவள் தம்பி மௌரோ.

செப்டம்பர் 16, திங்கள்

ரொட்டிக் கடையில் சொன்ன 'நன்றி'யைக் கழித்தால், இன்று யாரிடமும் பேசவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். 

நகராட்சியில் பழைய பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஜெரார்தோ வழக்கம்போல அலுத்துக்கொண்டான். "லபேத்ரான்னும் பாத்தாச்சு, பிரினாத்தோன்னும் பாத்தாச்சு. இல்லைன்னா இல்லைதாம்மா."

அலமாரிக் கோடியில் ஒல்லியாக ஒரு கட்டு இருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"அது ரெண்டாம் பகுதி. அப்பா பேரு இல்லாத பிள்ளைங்க. உங்காளுக்குத்தான் ரோக்கோ இருக்காரே?"

"இருந்தாலும் எடு."

எடுத்தான். சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தவன் நான்காம் பக்கத்தில் நிறுத்தினான். புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தான். இதுவரை ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

1884, ஜனவரி 11. மருத்துவச்சி ஓர் ஆண் குழந்தையைத் தூக்கி வந்திருக்கிறாள். தாய் - பெயர் சொல்ல விரும்பாத பெண். தந்தை - ஒரு கோடு. பெயர் தொனாத்தோ. குடும்பப் பெயர் பிரினாத்தோ, அதிகாரி வைத்தது.

"ஊர்ல யாருக்கும் இல்லாத பேரா வைக்கணும், அதான் சட்டம்" என்றான் ஜெரார்தோ, மெதுவாக. "பிரினான்னா உறைபனி. அன்னைக்கு வெளியில விழுந்திருக்கும். அதையே வச்சுட்டாரு."

கீழே இரண்டு வரி. குழந்தையைப் பாலூட்டி வளர்க்க வின்சென்சா என்பவளிடம் ஒப்படைத்தார்கள். கழுதைக்காரர் ரோக்கோ லபேத்ராவின் மனைவி.

ஆக ரோக்கோ இருக்கிறார். பால் கொடுத்தவளின் புருஷனாக. அவ்வளவுதான்.

அறுபத்தாறு வருஷமாக, ஒரு குமாஸ்தா ஜன்னல் வழியே பார்த்ததை நான் பெயராகச் சுமந்திருக்கிறேன். சரி, அது போகட்டும். அசுந்தாவுக்கு நான் இப்போ யாரு? சொன்னா அந்த மேஜையில எனக்கு நாற்காலி இருக்குமா? அந்த ஒரு நாளும் போச்சுன்னா வாரத்துல எனக்கு வேற என்ன இருக்கு?

செப்டம்பர் 29, ஞாயிறு

சொல்லவில்லை.

என்ன புத்தியோ, வழியில் ஒரு தட்டு இனிப்பு வாங்கிவிட்டேன். அசுந்தா அதைப் பார்த்தாள். "என்னடி, விருந்தாளி ஆயிட்டியா?" சும்மாதான் என்றேன். தட்டை ஓரமாக வைத்தாள், யாரும் பிரிக்கவில்லை.

காகிதம் கிடைத்ததா என்று மௌரோ கேட்டான். இன்னும் இல்லை என்றேன். சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

இன்றும் பொய். பாதிச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டேன். அதற்கும் வயிற்றுவலி என்று இன்னொரு பொய்.

அக்டோபர் 8, செவ்வாய்

சின்ன ஊர். ரொட்டிக் கடையில் ஜெரார்தோ வாயைத் திறந்திருக்கிறான்.

அசுந்தா வந்தாள். உட்காரச் சொன்னேன், வாசலிலேயே நின்றாள்.

"ரெண்டு ஞாயிறு. என் மேஜையில உக்காந்து, என் கையால சாப்பிட்டுக்கிட்டே இல்லைன்னு தலையாட்டுன."

"பயமா இருந்துச்சுக்கா."

"எதுக்குப் பயம்?"

"நான் உங்க ரத்தம் இல்லையே."

"அதை நான்ல சொல்லணும்? நீ யாரு அதை முடிவு பண்ண?"

போய்விட்டாள். எழுபத்து நாலு வயசு, அந்தச் செங்குத்துப் படிகளில் எங்கேயும் நிற்கவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

அவித்த முட்டை.

அக்டோபர் 20, ஞாயிறு

முட்டையும் இல்லை.

அக்டோபர் 26, சனி

மகனிடம் தொலைபேசியில் சொன்னேன். "அதனால என்னம்மா? எல்லாரும் எப்பவோ செத்தவங்க" என்றான். அவன் சொல்வது தப்பில்லை. அவன் வீட்டில் சாப்பாட்டு மேஜை நிறைய ஆட்கள்.

பாதிரியார் வீட்டுக்கு வீடு தாள் கொடுத்திருக்கிறார். இறந்தோர் நாள் பூசையில் வாசிக்க, அவரவர் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதித் தர வேண்டும். என் வீட்டுக்காரரையும் பெற்றவர்களையும் புவெனஸ் அயர்ஸில் மகன் பார்த்துக்கொள்வான். இங்கே எழுத எனக்கு ஒரே பெயர். ஆனால் தாளின் தலையில் 'எந்தக் குடும்பம்' என்று ஒரு கட்டம். அங்கேயே பேனா நின்றுவிட்டது.

ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப மனதில் வருகிறது. தலைப்பிள்ளை பிறந்தபோது தொனாத்தோ எந்தப் பெயரையும் வைத்திருக்கலாம். கேட்க யாருமில்லை, அப்பா இடத்தில் வெறும் கோடு. வழக்கம் தெரிந்தவர் ரோக்கோ என்று வைத்தார். அந்தக் கோட்டின் மேல் தன் கையால் எழுதினார் என்றுதானே அர்த்தம்? நாங்கள் அந்தப் பெயரைச் சரியாகத்தான் படித்திருக்கிறோம்.

இதை இந்த ஊரில் சொல்ல ஒருத்திதான் இருந்தாள்.

தாளை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

நவம்பர் 2, சனி

பூசைக்குப் போனேன். கடைசி பெஞ்ச்.

பாதிரியார் குடும்பம் குடும்பமாகப் பெயர்களை வாசித்தார். லபேத்ரா குடும்பம் வந்தது. இந்தப் பட்டியல் எனக்குப் பழக்கம், மூன்று வருஷம் கேட்டிருக்கிறேன். ரோக்கோ. வின்சென்சா. பிறகு அவர்கள் பிள்ளைகள் - பாஸ்குவா, லியோனார்தோ, ஃபெலிச்சே.

தொனாத்தோ.

அதற்குப் பிறகு வாசித்தது எதுவும் காதில் ஏறவில்லை. முன்னால் மௌரோ திரும்பி என்னைத் தேடினான். அசுந்தா அவனை முழங்கையால் இடித்தாள். அவள் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன். நன்றாக, சத்தமாக. யார் கேட்கப் போகிறார்கள்.

நவம்பர் 3, ஞாயிறு

பன்னிரண்டரைக்குக் கிளம்பினேன். இனிப்புக் கடைக்காரி வாசலுக்கே வந்து கூப்பிட்டாள். "பாதாம் வச்சது சுடச்சுட இருக்கு, ஒரு தட்டு கட்டட்டுமா?" வேண்டாம் என்றேன்.

கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. படிகளில் இரண்டு முறை நின்றேன்.

அசுந்தா கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள்.

"ஆறிப்போகுது, வா" என்றாள்.