கிழக்கே பார்த்த மேடை

1979 மார்ச் 12

இன்றும் பந்து வந்தது. மைதானத்து மூலையில் நாடக ஒத்திகை. நான், அதாவது மகாராஜா விஜயசூடன், "யாரங்கே" என்று கர்ஜித்துக் கையை உயர்த்தினேன். சேவகன் வரவில்லை, கால்பந்து வந்தது. நேரே போய் ராணி வேஷம் போடும் ராமபத்ரனின் மடியில் உட்கார்ந்தது. பின்னாலேயே அப்பு ஓடி வந்தான். கால்பந்து கிளப்பின் செக்ரெட்டரி, எனக்குப் பக்கத்து வீடு.

"பந்தினு கண்ணில்லல்லோ ஸ்வாமீ" என்றான். சில வருஷம் முன்பு இதே பந்து எங்கள் சபாவின் ஆர்மோனியத்தை உடைத்தபோதும் இதையேதான் சொன்னான். அன்றிலிருந்து அவனோடு நான் பேசுவதில்லை. அவன் பேசுவான், நான் கேட்டுக்கொள்வேன்.

"ஏன்னா, 'யாரங்கே'க்கு அப்பறம் 'என் வாளைக் கொண்டு வா'" என்று திரைக்குப் பின்னாலிருந்து காமாக்ஷி எடுத்துக் கொடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. எழுதுவதும் நான், மறப்பதும் நான்.

மார்ச் 15

நான் வேலை பார்க்கும் ஜூ டவுன் கிடங்கில் மிளகுத் தூசியோடு ஒரு செய்தியும் வந்தது. எங்கள் முதலாளியும் இன்னும் சில வியாபாரிகளும் சேர்ந்து மைதானத்தில் நிரந்தரக் கட்டடம் எழுப்பப் போகிறார்கள். பெயர் 'கலா காயிக கேந்திரம்'. காயிகம் என்றால் மலையாளத்தில் விளையாட்டு. கலை முதலில் வருகிறது, அதைக் கவனிக்க வேண்டும்.

அந்த மைதானம் பார்க்காதது எது? முதலில் அங்கே கொப்பரை காய்ந்தது. பிறகு சர்க்கஸ் வந்தது. கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போன பிறகும் யானை நின்ற இடத்தில் வெகுகாலம் புல் முளைக்கவில்லை. பிறகு பொருட்காட்சி, மல்யுத்தம், மழை முடிந்ததும் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பந்து. நடுநடுவே எங்கள் நாடகம். பந்துக்கு மூங்கில் காலரி முறிகிற அளவு கூட்டம். நாடகத்துக்கு? வாடகை நாற்காலிகளில் பாதி வெறுமனே கிடக்கும். மீதிப் பாதியில் நடிகர்களின் மாமனார்கள்.

ஒரே ஒரு தடவை — ஒரே ஒரு தடவை நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் நான் வசனம் பேச வேண்டும். வேறெதுவும் வேண்டாம். மேடை வந்துவிட்டால் கூட்டம் வராமலா போகும்?

ஏப்ரல் 3

கமிட்டி அமைந்துவிட்டது. நானும் அப்புவும் இருக்கிறோம். ஒரே அறையில் உட்கார முடியாது என்று நான் கண்டிப்பாகச் சொன்னதால் இரண்டு துணைக் கமிட்டி. விளையாட்டுக்கு அவன், கலைக்கு நான். அவர்களுக்கு மாடியில் கூட்டம், எங்களுக்குக் கீழே.

கீழே நான் ஒரு விஷயத்தில்தான் பிடிவாதமாக நின்றேன். வேஷம் கட்டியவன் கிழக்கே பார்த்து நின்றுதான் வாயைத் திறக்க வேண்டும். சபா தொடங்கின நாளிலிருந்து எங்கள் வழக்கம் அது. மேடையின் முகம் கிழக்கு. ஒருமனதாக நிறைவேறியது.

மாடியில் அப்பு என்ன தீர்மானம் போட்டான் என்று நான் விசாரிக்கவில்லை. எனக்கென்ன அக்கறை?

ஏப்ரல் 15

நேற்று விஷு. பாயசம் பரிமாறிக்கொண்டே காமாக்ஷி கேட்டாள்: "மேடை கிழக்கே பாத்தா, ஜனங்கள் எங்கே உக்காருவா?"

"முன்னாலதான். வேறெங்கே உக்காருவா?"

"முன்னாலன்னா எங்கே?"

பெண்களுக்குக் கட்டட சாஸ்திரம் புரியாது என்று சொல்லி இன்னொரு கரண்டி பாயசம் கேட்டேன். கிடைக்கவில்லை.

ஜூன் 20

மழை. வேலை நிற்கிறது. எனக்கு மனப்பாடம் நிற்கவில்லை.

அக்டோபர் 21

எப்படி எழுதுவேன்.

சாயங்காலம் மைதானத்துக்குப் போனேன். மேடைக்குத் தூணும் கூரையும் வந்துவிட்டன. அழகான மேடை, கிழக்கே பார்த்துக் கம்பீரமாக நிற்கிறது. ஆனால் மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் நிற்கிறது. அதன் முகத்துக்கு எதிரே காம்பவுண்டுச் சுவர். நடுவில் இரண்டு மாடு படுக்கலாம், மூன்றாவது மாட்டுக்கு இடமில்லை. காலரி? காங்கிரீட்டில் படிப்படியாக, பிரமாதமாக, மேற்கு ஓரத்தில். சாயங்கால வெயில் பார்க்கிறவன் கண்ணில் அடிக்கக் கூடாதாம், அது மாடியில் போட்ட தீர்மானம். அதாவது மொத்த ஜனமும் மேடையின் முதுகைப் பார்த்து உட்காரும்.

என்ஜினீயரைப் பிடித்து உலுக்கினேன். "ரெண்டு கமிட்டியும் பறஞ்ச மாதிரியே செஞ்சிருக்கேன் சாரே, ஒரு இஞ்ச் மாத்தலை" என்று பெருமையாகச் சொல்கிறான் அந்தத் திருவனந்தபுரத்துக்காரன்.

பந்தல் காலத்தில் தகராறே இல்லை. மேடை எந்தப் பக்கம் பார்த்தாலும் நாற்காலியைத் தூக்கி எதிரே போட்டோம். காங்கிரீட்டை யார் தூக்குவது?

அக்டோபர் 22

காமாக்ஷியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

1980 ஜனவரி 8

திறப்பு விழா வருகிற ஞாயிறு. முதலில் பந்து, பிறகு நாடகம். மேடைக்குப் பின்சுவர் கட்டச் செங்கல் வந்து சேரவில்லை, படுதா கட்டிச் சமாளிக்க வேண்டும். அதற்கும் பின்னால் ஒரு தட்டி கூட இல்லாத வெட்டவெளிதான் வேஷம் போடும் அறை.

ராமபத்ரன், "பேசாம மேக்கே பாத்து ஆடிடலாம்" என்றான். முடியாது என்றேன். தீர்மானத்தை எழுதியவனே மீறுவதா? சுவருக்கு முன்னால் இருபது நாற்காலி போடலாம். முக்கியஸ்தர்கள் உட்காரட்டும். காலரியில் இருப்பவர்கள் பந்து முடிந்ததும் எழுந்து போய்விடுவார்கள், அவர்களுக்கு நாடகம் எதற்கு?

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். கடைசி வரியை அடிக்கலாமா என்று பேனாவைத் திறந்தேன், மூடினேன்.

ஜனவரி 14

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பந்தில் அப்புவின் ஆட்கள் ஜெயித்தார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. கப்பலண்டி, அதாவது வேர்க்கடலை, விற்பவன் காலரியில் நடக்க முடியாமல் தவித்தான். என் முன்னால் இருபது நாற்காலி. அதில் முதலாளி, இரண்டு மாமனார்கள், நிழலுக்கு வந்த ஒரு ஆடு.

கிழக்கே பார்த்து நின்றேன். "யாரங்கே" என்றேன். எனக்குப் பின்னால் கைதட்டல் இடி மாதிரி விழுந்தது.

புல்லரித்துப் போனேன். குரல் அத்தனை தூரம் போகிறதே என்று நினைத்தேன். அடுத்த வசனத்துக்குச் சிரிப்பு. அது சிரிக்கிற இடமில்லை, ஆனாலும் பரவாயில்லை. மகன் போர்க்களத்தில் இறந்த செய்தி வரும் இடத்தில் மொத்த மைதானமும் அமைதியானது. என் ஜன்மத்தில் அப்படியொரு அமைதியைக் கேட்டதில்லை. ஒவ்வொரு கைதட்டலுக்கும் சுவரைப் பார்த்துக் கும்பிட்டேன். முதலாளி என்னவோ ஜாடை காட்டினார். பாராட்டுகிறார் என்று நினைத்து அவருக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

கடைசியில்தான் படுதாவை விலக்கிப் பின்னால் பார்த்தேன்.

காலரி காலி. எல்லாரும் இறங்கி வந்து புல்லில், வேஷம் போடும் இடத்துக்கு நேர் எதிரே, கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பார்த்தது எங்கள் முதுகை இல்லை. முகத்தில் பாதிச் சாயத்தோடு வடை தின்ற சேனாதிபதியைப் பார்த்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டி பீடி குடித்த ராணியைப் பார்த்தார்கள். நடுவில் முக்காலியில், மடியில் விரித்த நோட்டைவிட்டுக் கண்ணெடுக்காமல் காமாக்ஷி. அவள் முன்னால் ஒரு மைக்.

அவளுக்கு வெறும் வார்த்தையை எடுத்துக் கொடுக்கத் தெரியாது. ராஜாவுக்கு நெஞ்சை நிமிர்த்துவாள், ராணிக்கு விம்முவாள், சேவகனுக்குக் குனிவாள். வீட்டில் தினமும் பார்க்கிறேன், பார்த்ததே இல்லை. என் வசனம் முழுவதும் காலரியைப் பார்த்த ஒலிபெருக்கியில் அவள் குரலில்தான் போயிருக்கிறது. நான் அவளுக்குப் பின்னால் எதிரொலி.

மைக்கை வைத்தது யார் என்று கேட்கவே வேண்டாம். அப்பு அங்கேதான் நின்றான். "ஆளுகளுக்கு ஒண்ணும் கேக்கலை ஸ்வாமீ. சேச்சி நல்லா பறையுறாங்க. அதான் பந்துக்கு வெச்ச மைக்கை அங்கோட்டு நகத்தினேன்" என்றான்.

"நீ நகத்துவேடா" என்றேன். ஆறு வருஷம் கழித்து அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

நான் வாழ்நாள் முழுக்கக் கேட்டது நிறைந்த கூட்டம். வந்தது. எனக்கு இல்லை. பொறாமையாக இருந்தது, எதற்கு மறைக்க வேண்டும்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு இரண்டடி முன்னால் நடந்தேன். "எனக்கு மைக் இருந்ததே தெரியாதுன்னா" என்றாள் கடைசியில். தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பாயா என்று கேட்டேன். "மாட்டேன்" என்றாள்.

ஜனவரி 16

அக்கரையில் பிராட்வே கடைத்தெருவுக்குப் படகில் போனேன். முன்பின் தெரியாதவன் ஒருவன், "நீங்கதானே அந்த மாமியோட பர்த்தாவு?" என்றான். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

ஆகஸ்ட் 3

ராமபத்ரனுக்குப் பாலக்காட்டு பாங்குக் கிளைக்கு மாற்றல். மீசையை இனி மழிக்க வேண்டியதில்லை என்று சந்தோஷமாகப் போய்விட்டான். ராணிக்கு ஆள் இல்லை. சபாவில் பெண்கள் வேஷம் கட்டும் வழக்கம் இல்லை என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள்.

"வழக்கத்தைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள். என் வழக்கம் அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது" என்றேன்.

காமாக்ஷியிடம் கேட்டேன். உளுந்தைக் களைந்துகொண்டே, "மேக்கே பாத்துத்தானே?" என்றாள்.

1981 ஜனவரி 18

முதலாம் ஆண்டு விழா. நோட்டீஸில் அவள் பெயர் முதலில். ராஜாவாக வேறொருவன், எனக்கு முக்காலி. மைக்கை என் பக்கம் வரவிடாமல் அப்புவை மிரட்டி வைத்திருந்தேன்.

வசனம் எடுத்துக் கொடுக்க உட்கார்ந்தேனே தவிர வேலையே இல்லை. அவளுக்கு எல்லார் வசனமும் தெரியும். அப்பு கொண்டுவந்த சாயாவைக் குடித்தபடி படுதா இடுக்கில் காலரியைப் பார்த்தேன். உட்கார இடமில்லாமல் காலரிக்குப் பின்னாலுள்ள சுவரின்மேல்கூட ஏறியிருந்தார்கள்.

மகன் இறந்த செய்தி வருகிற இடம். "அவன் செருப்பு இன்னும்" என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். மறந்துவிட்டாள். எனக்கு உயிரே போயிற்று. சாயாவைக் கொட்டிக்கொண்டு எழுந்து, "வாசலிலேயே கிடக்கிறது, வாசலிலேயே கிடக்கிறது" என்று கத்தினேன். முன் வரிசை வரை கேட்டது.

திரை விழுந்ததும் நேரே என்னிடம் வந்தாள். "மறக்கலைன்னா. ஜனங்கள் அழறதுக்காக்கும் அங்கே நிறுத்தினேன்."

நான் எழுதிய நாடகம்தான். அதில் அழுகிற இடம் ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. நாளை இரண்டாம் நாள் ஆட்டத்தில் அந்த இடத்தில் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.