அடிப்பலகையில் சிமெண்ட்

ஜன. 20, திங்கள்
பனி விலக ஒன்பது மணி. படகைக் கவிழ்த்துப் பழைய பெயிண்டைச் சுரண்டினேன். பச்சை, அதன் கீழ் நீலம், மறுபடி பச்சை. அடிப்பலகையின் நடுவில் உளுப்பு. ஸ்குரூ டிரைவர் ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கியது.

பிப்ரவரி 2 ஞாயிறு, தண்ணீரில் விட்டுக் காட்டவேண்டும். ஒழுகினால் இந்த மலை ஏரியில் படகு ஓட்டும் என் இடம் போயிற்று. படகுத்துறைக் குத்தகைக்காரர்: "பைபர் படகு வர்து சார். இந்த மரத்தக் கட்டிகினு இன்னா பண்ணப் போறீங்க?" பள்ளிக்கூடத்தில் எனக்கு இளையவனைத் தலைமை ஆசிரியராக்கினார்கள், விட்டுவந்தேன். எனக்கு மேலே யாரும் இல்லாத இடம் இந்தப் படகு ஒன்றுதான்.

பலகை போட்டவன் சம்பத்து. என் மனைவி வசந்தாவின் தம்பி, ஒடுகத்தூரில் தச்சுப்பட்டறை. ஆறு வருடம் முன்பு புதிதாகப் போட்டான், உடனே ஒழுகியது. மட்டமான மரம். அன்றோடு பேச்சில்லை. அவன் மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை.

ஜன. 21, செவ்வாய்
வாங்க: உப்புத்தாள், பிரைமர், தேங்காய் நார், குங்கிலியம்.
படகை நிமிர்த்தி உட்புறம் சுரண்டினேன். நடு இருக்கைக்கு அடியில் 'டங்'. மரமில்லை. சிமெண்ட்.

நான் பூசியது. ஒழுகிய அன்று, மொட்டைமாடிக்கு வாங்கியதில் மீந்ததைக் குழைத்து அப்பி, மேலே பெயிண்டும் அடித்தேன். சுத்தமாக மறந்துபோயிருந்தேன். சிமெண்ட் ஈரத்தைப் பிடித்து வைத்த அளவுக்கு மட்டுமே உளுத்திருக்கிறது. இரண்டு பக்கமும் அதே பலகை, வேங்கை மரம், இரும்பு மாதிரி.

வசந்தா: "இன்னாது அது?"
"கல்லு."
பெயர்த்துப் புதரில் வீசினேன்.

ஜன. 23, வியாழன்
மலையில் இரண்டு தச்சர்களைக் கேட்டாயிற்று. ஒருவர்: "கட்டில் கேளுங்க சார், செஞ்சி தர்றேன். படகுன்னா ஆளு முழுகிட்டா என் தலைதான் உருளும்."

வேறு வழியில்லை. சம்பத்து நம்பரை எப்போதோ அழித்துவிட்டேன். வசந்தா எதையும் பார்க்காமலே நம்பரைச் சொன்னாள். கூப்பிட்டேன்.
"யாரு, மாமாவா? நம்பர் மாறி அட்ச்சிட்டீங்களா?"
"அடிப்பலகை உளுத்துடுச்சு."
"நான் போட்டதா?"
"ஆமா."
"சனிக்கெழமை வர்றேன்."
மீதியைச் சொல்லவில்லை.

ஜன. 25, சனி
முதல் பஸ்ஸில் வந்தான், தோளில் பலகை. தலை முழுக்க நரை. காப்பி வேண்டாமாம். நேரே படகுக்குப் போய் உளுத்த இடத்தில் விரலை ஓட்டினான். விரலில் சாம்பல் நிறத் தூள்.
"இன்னா மாமா, படகுக்குள்ள வூடு கட்னீங்களா?"
வசந்தா சிரித்துவிட்டாள்.
"மரம் ஊறி இடுக்க அதுவே அடைச்சிக்கும், ரெண்டு நாள் தண்ணில வுடுங்கன்னு அன்னிக்கே சொன்னேன்ல?"
"ஒரு நாள் பார்த்தேன்."
"ரெண்டு நாள்னேன்."

பிறகு வேலை. உளுத்ததை அறுத்தான், புதுத்துண்டைப் பொருத்தினான். சந்தில் நார் திணித்தான். அதன்மேல் ஊற்ற நான் குங்கிலியம் காய்ச்சினேன்.
"கல்யாணத்துக்கு வராதது இந்தப் பலகைக்கோசரமா?"
"ஆமா."
உளியை நாலு தட்டு. "பொண்ணு மணமேடைல ஒக்காந்துகினு கேட்டுச்சி, மாமா எங்க, அப்பான்னு."
குங்கிலியம் அடிப்பிடித்துவிட்டது.

சாயங்காலம் புதர்ப்பக்கம் ஒதுங்கியவன் சிமெண்ட் கட்டியோடு வந்தான். அதைச் சுற்றிக் கம்பி முறுக்கினான், கயிறு கட்டினான். "நங்கூரத்துக்கு ஆவும், மாமா." கடைசி பஸ்ஸில் போய்விட்டான்.

பிப். 2, ஞாயிறு
வெயில். செவ்வாய் பிரைமர், புதன், வியாழன் பச்சை. வெள்ளி காலை தண்ணீரில் விட்டேன். மதியத்துக்குள் உள்ளே மூன்று சொம்பு. கை பரபரத்தது, தொடவில்லை. நேற்று அரைச் சொம்பு. இன்று காய்ந்து கிடந்தது. குத்தகைக்காரர் குனிந்து தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் கீது சார். ஓட்டுங்க."

நங்கூரத்தைத் தூக்கினேன். நல்ல கனம். இனி தினமும் இதைத் தூக்கினால்தான் படகு நகரும். வேறு கல் கட்டலாமென்று முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். அவன் போட்டது. அவிழவில்லை.