காளைக்கு மட்டும் காப்பீடு

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

ஜெர்மனியிலிருந்து மகள் பேசினாள். அங்கே மருத்துவக் காப்பீட்டுக்குச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்களாம். அது போதாதென்று பல்லுக்குத் தனியாக அவளே இன்னொன்று எடுத்திருக்கிறாள். இங்கே எல்லாம் அவரவர் இஷ்டம். "அப்பாவுக்கு எடுத்தாச்சுங்களாம்மா?" என்று கேட்டாள். போனை அவரிடமே கொடுத்தேன்.

"நல்லா இருக்கறவனுக்கு எதுக்கு கண்ணு? சீக்கைக் கூப்பிட்டு உக்கார வெச்ச மாதிரி ஆயிப்போகும்" என்று சிரித்தார்.

எங்கள் காங்கேயம் காளைக்கு மட்டும் வருஷம் தவறாமல் காப்பீடு கட்டுகிறார். அதன் காதில் அதற்கான வில்லைகூடத் தொங்குகிறது.

சாயங்காலம் இடது தோளைத் தடவிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. கேட்டதற்கு, "காளை இழுத்துப்போட்டுது அம்மணி" என்றார்.

இப்போது தூங்குகிறார். அவர் மூச்சைக் கவனித்துக்கொண்டே எழுதுகிறேன். இன்று காளையை அவிழ்த்துக் கட்டியதெல்லாம் நான்தான்.