மேட்டுக் குளத்து மீன்கள்

மெஹ்ரோனாவின் அப்பாவுக்கு, சவ்ரிநிசோ சலாம் சொல்லி எழுதுவது. அந்தக் குளிர்தேசத்தில் நீங்கள் சுகமாக இருக்க இறைவன் அருளட்டும். இங்கே நாங்கள் நலம்.

போன வருடம் குழந்தைக்கு மலேரியா என்றதும், “ரெண்டு பேரும் டவுனுக்குப் போயிருங்க” என்றீர்கள். நான் மறுத்தேன். அதிலிருந்து போனில் குழந்தையோடு மட்டும்தான் பேசுகிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அது பள்ளத்தாக்கு வியாதி, இந்த மேட்டுக்கு ஏறாது என்றுதான் எல்லோரும் இருந்தோம். நர்ஸ் ஸுலைகோ அக்காதான் விளக்கினார்: “முன்னல்லாம் கொசு வயித்துல அந்தக் கிருமி வளர்றதுக்குள்ள குளிர் வந்து கொசுவே செத்துரும். இப்போ குளிர் எங்கடி சீக்கிரம் வருது?”

கொசு வளர்ந்த இடம் நம் புதுக்குளம். பனி சீக்கிரமே உருகி ஓடிவிடுவதால், கோடைக்குத் தண்ணீர் வேண்டுமென்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து கட்டினீர்களே, அதேதான். வசந்தத்தில் ஊர் கூடியபோது அதன் கரையை வெட்டித் தண்ணீரை வடித்துவிடச் சொன்னேன். நீர் பங்கிடும் ஹோல்முரோத் மாமா எழுந்துவிட்டார். “வெட்டிட்டா ஆப்ரிகாட் மரமெல்லாம் காயும். அப்புறம் உன் புருஷன் மாதிரி நாங்களும் ரஷ்யாவுக்கு ரயிலேறணுமா?” என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

அப்போது ஸுலைகோ அக்கா, கீழே நெல்வயல்களில் கொசுப்புழுவைத் தின்னும் சின்ன மீன் விடுகிறார்கள் என்றார். நானும் அவரும் போய்ப் பால்கேன்களில் மீன் கொண்டுவந்தோம். லாரி குலுங்கிய குலுக்கலில் பாதி செத்தன. விரல்நீள மீன்களைப் பார்த்து மாமா, “இதை வறுத்தா பூனைக்குக்கூடப் பத்தாதும்மா” என்று சிரித்தார். மிச்சத்தைக் குளத்தில் விட்டோம். அவரது வாத்துகள் அவற்றையும் கொத்தத் தொடங்கின. நான் கம்பை எடுத்துக்கொண்டு கரையிலேயே காவல் கிடந்தேன். ஊரே என்னை ‘வாத்துக்காரி’ என்றது.

கோடை நடுவில் குளத்தில் மீன் கொழித்தது. புழுவைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. பெண்கள் வீட்டுக்கு வீடு கொசுவலை கட்டினார்கள். இலையுதிர்காலத்தில் டாக்டர்கள் வந்து ஊரில் எல்லோர் விரலையும் குத்தி ரத்தம் எடுத்துப் போனார்கள். நேற்று முடிவு வந்தது. ஒருவருக்கும் இல்லை. நம் மகளுக்கும் இல்லை.

ஸுலைகோ அக்கா அதைப் படித்ததும் பெண்கள் தப்பு அடித்து ஆடினார்கள். ஹோல்முரோத் மாமா பெரிய சட்டி நிறைய புலாவ் ஆக்கினார், வாத்துக்கறிப் புலாவ். முதல் தட்டை என் கையில் கொடுத்து, “சாப்பிடு வாத்துக்காரி, உனக்காகத்தான் அடிச்சேன்” என்றார். இந்த வருடம் ஆப்ரிகாட்டும் கிளை முறியக் காய்த்தது. குளிரை இந்த மீன்கள் தாங்காவாம். கொஞ்சத்தைப் பிடித்து மாட்டுத்தொழுவத்தில் பீப்பாயில் வைத்திருக்கிறேன். வசந்தத்தில் மறுபடி விட வேண்டும். கேன் தூக்க ஆள் வேண்டும்.

மெஹ்ரோனா ஒரு விரல் உயரம்கூட வளரவில்லை என்று நீங்கள் கவலைப்பட்டீர்கள். இப்போது போன வருடச் சட்டையின் கை முழங்கைக்கு ஏறிவிட்டது. கரையில் ஓடுகிறாள், கூப்பிட்டால் நிற்பதில்லை.

உங்கள் கைகால்களுக்கு இறைவன் பலம் தரட்டும். இந்த முறையும் மலையில் பனி குறைவாம். நவ்ரூஸ் புத்தாண்டுக்கு வெகுமுன்பே பாதை திறந்துவிடும் என்கிறார்கள்.

உங்கள்,
சவ்ரிநிசோ