மதலைமுத்து நகரவில்லை

5 டிசம்பர் 1977, திங்கள்

அறிக்கைக்கான குறிப்புகள்:

1. நவம்பர் 11 அன்று நமது நாகப்பட்டினம் நிலையத்தின் இடம், செயற்கைக்கோள் அலைகளைக் கொண்டு கணக்கிட்டபோது, இருநூறு மீட்டர் வரை அலைந்திருக்கிறது. கட்டடம் நடக்காது.

2. புயல் கரையேறியது மறுநாள்தான். 11ஆம் தேதி ஆன்டெனாவை ஆட்டும் காற்று இல்லை. ஆகவே கருவியைப் பார்த்துக்கொள்ளும் மதலைமுத்துவின் கவனக்குறைவு.

3. சூரியன் அமைதி, செயற்கைக்கோள் அலைகள் கடந்து வரும் அயனி மண்டலமும் அமைதி. வானத்தின் மேல் குற்றமில்லை.

நான்கு மணிக்குள் தட்டச்சாகிவிட்டது. பிரிவுத் தலைவர் வெங்கடராமன் நின்றபடியே படித்தார். "பலே சார், நறுக்குனு இருக்கு." மனசுக்கு இதமாக இருந்தது. ஓய்வுக்குப் பின் கிடைத்த மறுநியமனம் இந்த மாதத்தோடு முடிகிறது. அவர்தான் நீட்டிப்புக்கு எழுத வேண்டும்.

8 டிசம்பர்

டெல்லியில் குளிர் வந்துவிட்டது. வேறொன்றும் இல்லை.

14 டிசம்பர், புதன்

மதலைமுத்துவிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். பதில் வந்தது. பென்சில் எழுத்து, ஈரம் பட்ட காகிதம்.

"ஐயா, முந்தின நாள் மத்தியானமே நம்பர் ஆட ஆரம்பிச்சிட்டு. நான் நாற்காலிய விட்டு எந்திரிக்கல. மறுநாள் கூரை பறக்கிற வரைக்கும் உக்காந்து எழுதினேன். சத்தியமா நானும் நகரல, மிஷினும் நகரல."

வெங்கடராமன் சிரித்தார். "நாகப்பட்டினமே நகந்துடுத்துன்னு சொல்லாம விட்டானே!"

நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்? மதலைமுத்து தற்காலிக ஊழியர். வருடக் கடைசியோடு நிறுத்தப்போகிறார்கள். என் இரண்டாம் குறிப்பை வைத்து.

17 டிசம்பர், சனி

அயனி மண்டலப் பதிவுச் சுருள்களை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அனுமதி கேட்கவில்லை – முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவை. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸின் கூடம் முழுக்கக் காகிதம். மனைவி லீலாவதி தாண்டித் தாண்டி நடந்தாள்.

"என்னங்க இது? அடியில பேனாக் கோடு நெளிநெளியாப் போகுது. மேல உங்க பென்சில் நேரா ஓடுது. எதை நம்பறது?"

"பேனா கருவி போட்டது. நெளிவெல்லாம் இரைச்சல். அதை நீக்கிட்டுதான் அளவெடுக்கணும், லீலா."

"இரைச்சல்னு யார் சொன்னா?"

யார் சொன்னார்கள்? சேர்ந்த வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து வளைந்த அளவுகோல் வைத்து ஒழுங்காக வரைந்து வருகிறேன். அந்தக் கோட்டிலிருந்துதான் இடக்கணக்குக்கான திருத்தத்தையும் தருகிறேன்.

பென்சிலை அழித்துவிட்டு அளந்தேன். 11ஆம் தேதி மத்தியானம் முதல் இருபது நிமிடத்துக்கு ஒரு நெளிவு. ஒவ்வொன்றுக்கும் நேராக மதலைமுத்து எழுதிவைத்த இட எண்ணில் ஒரு தாவல். ஏழுக்கு ஏழு.

கடலில் சுழலும் புயல் இவ்வளவு உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தைக் கலைக்குமா? கீழேயிருந்து அலை மேலே ஏறுமா? எனக்குத் தெரியாது. தப்பாகவும் இருக்கலாம். ஒரே ஒரு புயல்தானே?

ஆனால் அந்த மனுஷன் பொய் சொல்லல. அது தெரிஞ்சுபோச்சு.

19 டிசம்பர், திங்கள்

வெங்கடராமன் அறை வாசலில் இரண்டு முறை திரும்பினேன். மூன்றாம் முறை அவரே பார்த்துவிட்டார்.

"சார், அறிக்கை மேல போயாச்சு. இப்ப மாத்தினா, இத்தனை வருஷமா நாம கொடுத்த திருத்தமெல்லாம் என்னன்னு கேப்பா. உங்க நீட்டிப்பு ஃபைல் வேற என் மேசையிலேயே இருக்கு. யோசிங்கோ."

யோசித்தேன். ஏழு தாவல்களையும் ஏழு நெளிவுகளையும் ஒரே தாளில் வரைந்து, 'பிழை நிலையத்தில் இல்லை, அளவெடுத்த என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்திட்டு அவர் மேசையில் வைத்தேன்.

2 ஜனவரி 1978, திங்கள்

காலை வீட்டில்தான் இருந்தேன். நீட்டிப்பு வரவில்லை. லீலாவதி மலை மந்திர் முருகன் கோயிலுக்குக் கூப்பிட்டாள், போய் வந்தோம்.

மத்தியானம் மதலைமுத்துவின் கார்டு. வேலையில் வைத்துக்கொண்டார்களாம். புதுக் கூரை போட்டாயிற்றாம். "உங்களுக்குச் சிரமம் கொடுத்திட்டேன் ஐயா."

யார் யாருக்கு?

மூன்றாம் குறிப்பு தவறு. அன்று வானம் அமைதியாக இல்லை. நான்தான் அப்படி வரைந்திருந்தேன்.