214 கடிதங்கள்

நிலவின் மறுபக்கம், நிலையம் 3
பதிவு: பொறியாளர் நாச்சம்மை (தனியாள்)

நாள் 402 | 09:10
ஆக்சிஜன் உற்பத்தி 71%. வெளிச்செல்லும் அஞ்சலின் வடிகட்டி நேற்று என் மண் அறிக்கையைக் குப்பை என்று பிடித்துவைத்தது. 'உடனடி' என்ற சொல்லுக்கு மூன்று புள்ளி, இணைப்புக் கோப்புக்கு இரண்டு. ஐந்தைத் தொட்டால் தடை. காவலுக்கு வைத்தவன் வீட்டுக்காரியையே வாசலில் நிறுத்துகிறான். 'உடனடி'யை ஒரு புள்ளியாகக் குறைத்தேன். அறிக்கை போய்விட்டது.

நாள் 403 | 11:40
உற்பத்தி 44%. கப்பல் கேட்டுத் தலைமையகத்துக்கு 214ஆவது கடிதம். திரையில் 'சென்றது'. வழக்கம்போல் பிள்ளையார் சுழி, 'நலம், நலமறிய ஆவல்', அப்புறம்தான் மூச்சுத் திணறல். பழக்கதோஷம்.
குரல் இணைப்பு பூமியில் அருளப்பனின் கட்டுப்பாட்டு மேசைக்கு மட்டும்தான். தலைமையகத்துக்குக் கடிதமே வழி. அவன் குரல்:
"மேல சொல்லிட்டேன்க்கா. நீங்க லெட்டர் போட்டுக்கிட்டே இருங்க. கப்பல் கெளம்புனா நாலே நாள்தான்."
உடன்பிறந்தவள் இல்லாதவன். அவன் கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சைப் போட்டது நான்.

நாள் 404 | 15:05
வேறு எந்த நல்ல கடிதமாவது மாட்டியிருக்கிறதா என்று வடிகட்டியைத் துழாவினேன். பட்டியலில் இல்லாத ஒரு கூடை இருந்தது. அதற்குள் 214 கடிதங்கள். ஒன்றுகூட நிலவைத் தாண்டவில்லை.
விதி இது: அனுப்புநர் நாச்சம்மை, சொல் 'ஆக்சிஜன்', புள்ளி நூறு. நிறுத்து. அனுப்புநருக்கு 'சென்றது' எனக் காட்டு.
எழுதியவர்: அருளப்பன். தேதி: நான் முதல் புகார் அனுப்பிய நாள்.
இங்கே ஆக்சிஜன் தயாரிக்கும் இயந்திரத்தைச் சோதித்ததாகக் கையெழுத்திட்டவனும் அவன்தான். சோதிக்கவே இல்லை என்று இப்போது புரிகிறது. பாவி. அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டானே.

நாள் 404 | 15:30
விதியை அழித்தேன். ஒரு கடிதம் போதும் என்று புத்தி சொன்னது. ஒன்றுவிடாமல் படிக்கட்டும் என்று கோபம் சொன்னது. 214ஐயும் ஒரே அழுத்தில் அனுப்பினேன்.

நாள் 404 | 15:34
தலைமையக அஞ்சல் வாயிலிலிருந்து:
"ஒரே தொடக்கம் கொண்ட 214 கடிதங்கள் ஒரே நிமிடத்தில் வந்தன. குப்பை அஞ்சலாகக் கருதி அழிக்கப்பட்டன. உங்கள் முகவரி முப்பது நாள் முடக்கப்படுகிறது. முறையிட, உங்கள் கட்டுப்பாட்டு மேசையை அணுகவும்."
நிலையத்துக்கு அந்த ஒரு முகவரிதான். கட்டுப்பாட்டு மேசை என்றால் அருளப்பன்.

நாள் 405 | 08:20
உற்பத்தி நின்றுவிட்டது. உருளைகளில் பதினொரு நாளுக்கு இருக்கிறது.
அவனிடம் கெஞ்சினேன். முடிச்சுப் போட்ட கையைச் சொல்லிக் கெஞ்சினேன். வெட்கமாக இருக்கிறது. அவன் பதில்:
"அக்கா, முப்பது நாள்தானே. கொஞ்சம் பொறுத்துக்கங்க. அப்புறம் எல்லாம் சரியாயிடும்."
பதினொரு நாள் என்று மூன்று முறை சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டுத்தான் சொல்கிறான்.

நாள் 415 | நேரம் பார்க்கவில்லை
இதை எடுப்பவருக்கு. அவன் பெயரோடு அந்த விதியின் நகல் என் சட்டைப்பையில் இருக்கிறது. அவனிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.
கை தானாகச் சுழி போட்டது. அடித்துவிட்டேன். நலம் என்று எழுத